கைப்பட்டையின் எண்ணும் தம்பியின் வேட்கையும்

வாசகர் கடிதம்:

“என் தம்பிக்கு 28 வயது. விபத்தில் கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கப்பட்ட ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைகளை அவனால் விட முடியாமல் போய்விட்டது. நான்கு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. இப்போது இரண்டு மாதமாக ஒரு மனநல மருத்துவரின் கண்காணிப்பில், தினமும் காலையில் இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் புப்ரினார்பின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொள்கிறான். நான் அவனுக்கு ஒரு ஸ்மார்ட் கைப்பட்டை வாங்கிக் கட்டிவிட்டேன். அவனுடைய நாடித் துடிப்பு 100ஐத் தாண்டினாலோ, ‘மன அழுத்த’ எண் கூடினாலோ என் கைபேசி ஒலிக்கும்படி வைத்திருந்தேன். சென்ற வாரம் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒலித்தது. ஓடிப்போய் அவன் சட்டைப் பைகளையும் தலையணையின் அடியையும் சோதித்தேன். ஒன்றும் இல்லை; கெட்ட கனவு கண்டு விழித்திருந்தானாம். மறுநாள் பட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டான். என்னிடம் பேசுவதும் குறைந்துவிட்டது. மருந்து விலகும்போது உடலில் வரும் விலகல் அறிகுறிகளையும், மறுபடி எடுக்கத் தூண்டும் வேட்கையையும் இந்தக் கருவியால் முன்கூட்டியே அறிய முடியுமா? மறுபடி வலி மாத்திரை போட்டிருக்கிறானா என்று காட்டுமா? அவனைக் கட்டாயப்படுத்திக் கட்டச் சொல்லலாமா?”

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நள்ளிரவில் கைபேசி ஒலித்தபோது உங்கள் நெஞ்சு எப்படிப் பதறியிருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. அந்த இரவில் உங்கள் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருந்திருந்தால் அதுவும் 100ஐத் தாண்டித்தான் காட்டியிருக்கும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கருவிகள் அளப்பது உடலின் கிளர்ச்சியை மட்டுமே. அந்தக் கிளர்ச்சி எதனால் வந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது. உங்கள் கேள்விகளுக்குச் சுருக்கமான விடை வேண்டுமானால், விலகல் அறிகுறிகளை இவை ஓரளவு காட்டும், வேட்கையை மிகக் குறைவாகவே காட்டும், மறுபடி வலி மாத்திரை போட்டாரா என்பதை உங்களிடம் உள்ள பட்டையைக் கொண்டு சொல்லவே முடியாது. கட்டாயப்படுத்த வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கினால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெளிவாகும்.

பட்டையின் உட்புறத்தில் பச்சை நிறத்தில் மினுக்கும் ஒளியைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் செல்லும் அந்த ஒளியில், ஒவ்வொரு துடிப்பின்போதும் பெருகி வடியும் இரத்தம் எவ்வளவை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு கருவி நாடியைக் கணக்கிடுகிறது. கை அசைவை அளக்கும் முடுக்கமானி ஒன்று உள்ளே இருக்கிறது. சில கருவிகளில் தோலின் வெப்பநிலையை அளக்கும் உணரியும், வேர்வை சுரக்கும்போது தோலின் வழியே மின்சாரம் எளிதாகப் பாய்வதை அளக்கும் உணரியும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் பயன்படும் பட்டைகளில் பெரும்பாலும் இருக்கும் இந்தக் கடைசி உணரி, கடையில் வாங்கும் எல்லாப் பட்டைகளிலும் இருப்பதில்லை. ‘மன அழுத்தம்’ என்று திரையில் வரும் எண் தனியாக அளக்கப்படும் ஒன்றன்று. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேர வேறுபாட்டை முதன்மையாக வைத்து, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வகுத்துக்கொண்ட ஒரு கணக்கின் விடை அது. அதற்கு மருத்துவச் சோதனை முடிவின் தகுதியை நாம் கொடுத்துவிடக் கூடாது.

இனி விலகல் அறிகுறிகளுக்கு வருவோம். மூளைத் தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சிறு நரம்பணுத் தொகுதி இருக்கிறது. லத்தீனில் அந்தப் பெயருக்கு ‘நீல இடம்’ என்று பொருள். உடலை விழிப்பாகவும் பதற்றத்தோடும் வைத்திருக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை மூளை முழுவதற்கும் அனுப்புவது அதுதான். ஓபியாய்டு மருந்து அந்த அணுக்களை அடக்கி வைக்கிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அடக்கப்பட்டிருக்கும் அணுக்கள் அந்த அடக்குமுறையை மீறி வேலை செய்வதற்காகத் தங்கள் உள்ளியக்கத்தை முடுக்கிக்கொள்கின்றன. பிறகு ஒருநாள் மருந்து திடீரென்று விலகும்போது, எதிர்ப்பே இல்லாமல் அத்தனை வேகமும் ஒரே நேரத்தில் கட்டவிழ்கிறது. நாடி விரைகிறது, வேர்க்கிறது, உடம்பு நடுங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது, கண்ணும் மூக்கும் ஒழுகுகின்றன, வயிறு கலங்குகிறது, இருக்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கால்கள் தவிக்கின்றன. ஹெராயின் போன்ற குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்துகளில் கடைசியாக எடுத்த சில மணி நேரத்திலேயே இது தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரம் பத்து நாளில் தணியும். சிகிச்சைக்கும் பயன்படும் மெத்தடோன் போல நீண்ட நேரம் நிற்கும் மருந்துகளில் தொடக்கமும் தாமதம், முடிவும் தாமதம். உடலில் தெரியும் இந்தக் கொந்தளிப்பை உடலில் கட்டிய உணரி ஓரளவு பிடிப்பதில் வியப்பில்லை.

இப்படி உடலை அளந்து விலகலின் கடுமையை மதிப்பிடும் முயற்சி ஸ்மார்ட் வாட்ச் வந்த பிறகு தொடங்கியதன்று. 1930களிலேயே அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரத்தில் இருந்த கூட்டரசு மருத்துவமனையில் கிளிஃப்டன் ஹிம்மெல்ஸ்பாக் என்ற மருத்துவர் கொட்டாவி, கண்ணீர், வேர்வை, உடல் வெப்பம், மூச்சு வேகம், இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றைக் குறித்து மதிப்பெண் போட்டார். இன்று மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் விலகல் அளவுகோலில் 11 அறிகுறிகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 48. அந்தப் பதினொன்றில் நாடி, வேர்வை, நிலைகொள்ளாமை, கை நடுக்கம் ஆகிய நான்கைத்தான் ஒரு நல்ல கைப்பட்டையால் அணுக முடியும். கண்ணின் பாவை விரிந்திருப்பது, கொட்டாவி, எலும்பு மூட்டு வலி, மூக்கொழுகல், வயிற்றுப் போக்கு, எரிச்சல், மயிர்ச் சிலிர்ப்பு ஆகிய ஏழும் பட்டையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. முகத்தைப் பார்க்கும் ஒரு மனிதருக்கு இவற்றில் பல எளிதில் தெரிபவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த அளவுகோலில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அறிவுரை உண்டு. நோயாளி சற்று முன் ஓடிவிட்டு வந்ததால் நாடி விரைந்திருந்தால் அதற்கு மதிப்பெண் கூட்டக் கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. வேர்வையைக் குறிக்கும்போதும், அறையின் வெக்கையாலோ உடலுழைப்பாலோ வந்த வேர்வையை ஒதுக்கிவிட வேண்டும். நாடியை எண்ணுவதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார வைக்கவோ படுக்க வைக்கவோ வேண்டும். அதாவது, எண்ணைப் பதிவதற்கு முன்பே காரணத்தை விசாரிக்கும் கடமையை அந்தப் படிவம் மருத்துவருக்கு விதித்திருக்கிறது. உங்கள் கைபேசி அப்படி விசாரிப்பதில்லை. கனவில் துரத்தப்பட்டவனின் நாடியும், மாடிப்படி ஏறியவனின் நாடியும், காய்ச்சல் தொடங்குகிறவனின் நாடியும், விலகலில் தவிப்பவனின் நாடியும் அதற்கு ஒன்றே.

இருந்தும் இந்தக் கருவி பயனற்றது என்று நான் சொல்லவில்லை; அது பயன்படும் ஓர் இடத்தைப் பற்றி உங்களிடம் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். புப்ரினார்பினும் ஓர் ஓபியாய்டுதான்; பொதுவாக ஒரு நாளைக்கும் மேலாக உடலில் வேலை செய்யும் மருந்து. ஆனால் அளவு போதாதவர்களுக்கு, அடுத்த வேளை மாத்திரைக்கு முந்தைய சில மணி நேரங்களில் மெல்லிய விலகல் தலைகாட்டும்; விடியற்காலையில் வேர்த்து விழிப்பார்கள், கால்கள் அமைதியாக இராது, கொட்டாவி தொடர்ந்து வரும். இதை அவர்கள் பெரும்பாலும் ‘தூக்கம் சரியில்லை’ என்று மட்டும் மருத்துவரிடம் சொல்வார்கள். சிலர் அதையும் சொல்ல மாட்டார்கள், ஏனெனில் அளவைக் கூட்டிக் கேட்டால் தங்களைச் சந்தேகிப்பார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கும். இரண்டு வாரப் பதிவில், மாத்திரைக்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரம் மட்டும் நாடியும் அசைவும் திரும்பத் திரும்ப உயர்ந்து, மாத்திரைக்குப் பின் தணிவது தெரிந்தால், அது மருத்துவர் முன் வைக்கத் தகுந்த செய்தி. ஒரே ஓர் இரவின் எகிறலுக்கு அந்த மதிப்பு இல்லை. உங்கள் தம்பிக்கு ஒலித்தது இரவு இரண்டு மணிக்கு. அவர் காலையில் மாத்திரை எடுப்பவர். அது கனவாகவே இருந்திருக்கலாம். மருந்தின் அளவைக் குறித்த கேள்வியாகவும் இருக்கலாம். சட்டைப் பையைத் தேடியபோது இந்த இரண்டாவது வாய்ப்பு உங்கள் நினைவுக்கு வந்திருக்காது என்று எண்ணுகிறேன். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. யாரும் உங்களுக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எச்சரிக்கைகளும் இருக்கின்றன. விலகலைத் தணிக்கக் கொடுக்கப்படும் குளோனிடின், லோஃபெக்ஸிடின் போன்ற மருந்துகள் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் இறக்குபவை. அவற்றை எடுப்பவரின் பட்டை அமைதியாக இருக்கும்போதே உள்ளே வேதனை நீடிக்கலாம். மெத்தடோன் எடுப்பவர்களுக்கு வேர்வை மருந்தின் பக்கவிளைவாகவே அதிகமாக இருக்கும். ஆகவே எந்தப் பதிவையும் மருந்துப் பட்டியலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வேட்கையைப் பற்றிய கேள்விதான் கடினமானது. 1940களில் அதே லெக்சிங்டன் மருத்துவமனையில் ஏபிரகாம் விக்ளர் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மாதக்கணக்கில் போதைப்பொருளைத் தொடாத நோயாளிகள், குழுவாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் கொட்டாவி விட்டார்கள், மூக்கை உறிஞ்சினார்கள், கண் கசிந்தது. உடலில் மருந்தே இல்லை, எனினும் விலகல் வந்து நின்றது. பழகிய இடமும் பழகிய முகமும் பழைய பேச்சும் நினைவின் வழியாக உடலைத் தொடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆகவே சில வேட்கைகள் நாடியிலும் தோலிலும் தெரியத்தான் செய்யும். உணரிகளை வைத்து வேட்கையை முன்கூட்டி அறிய முயலும் ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையில்தான் வேலை செய்கிறார்கள். பட்டையின் பதிவோடு, ஒரு நாளில் பல முறை கைபேசி வழியாக ‘இப்போது எப்படி இருக்கிறது’ என்று கேட்டுப் பெறும் விடைகளையும் இணைத்து, எந்த உடல் மாற்றம் எந்த மனநிலையோடு வருகிறது என்று கணினிக்குக் கற்பிக்கிறார்கள்.

ஆனால் எல்லா வேட்கையும் உடலை உலுக்கிக்கொண்டு வருவதில்லை. மிகவும் ஆபத்தானவை என்று நான் கருதும் சில, ஓசையே இல்லாமல் வருகின்றன. ‘இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தாயிற்று, ஒரே ஒரு முறை என்றால் என்ன’ என்ற எண்ணம் ஒரு மாலைப் பொழுதில், சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது, நாடி 70இல் இருக்கும்போதே வரும். முடிவு எடுத்துவிட்ட பிறகு ஒருவித நிம்மதி கூட வந்துவிடுகிறது என்று என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிம்மதியைப் பட்டை ‘அழுத்தம் குறைவு’ என்று காட்டக்கூடும். வேட்கையை அறிந்தவர் அதை அனுபவிப்பவர் ஒருவரே. கருவிக்குக் கற்பிப்பவர்களும் கடைசியில் அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்பதை மேலே நான் சொன்னதிலிருந்தே பார்க்கலாம்.

ஒரு கணக்கையும் உங்களுக்குக் காட்ட வேண்டும், ஏனெனில் இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த ஒலிக்கு நீங்கள் காட்டும் எதிர்வினை மாறும் என்று நம்புகிறேன். இன்றுள்ள எதையும்விடச் சிறந்த ஒரு கருவியைக் கற்பனை செய்துகொள்வோம்: வேட்கை வந்தால் 100க்கு 90 முறை சரியாகக் கண்டுபிடிக்கிறது, வேட்கை இல்லாதபோது 100க்கு 90 முறை சரியாக மௌனமாக இருக்கிறது. ஒருவர் அதை 1000 மணி நேரம் அணிகிறார், அதில் 50 மணி நேரத்தில் வேட்கை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 50இல் 45ஐக் கருவி பிடித்துவிடும். மீதமுள்ள 950 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 95 முறை, அது பொய்யாக ஒலிக்கும். மொத்தம் 140 ஒலிகள். அவற்றில் உண்மையானவை 45. கிட்டத்தட்ட மூன்று ஒலிகளில் இரண்டு பொய். 90 சதவீதத் துல்லியம் என்று விளம்பரம் சொல்லும்போது இந்தக் கணக்கை யாரும் உடன் அச்சிடுவதில்லை. மூன்றில் இரண்டு முறை குற்றமற்ற ஒருவரின் சட்டைப் பையைச் சோதித்தால், மூன்றாவது முறை உண்மையான வேட்கை வரும்போது அவர் உங்களிடம் வந்து சொல்வாரா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மறுபடி எடுத்தாரா என்பதைக் காட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அவசர சிகிச்சைப் பிரிவில் வலிக்காக ஓபியாய்டு ஊசி போடப்பட்ட 30 பேரின் மணிக்கட்டில் உணரியைக் கட்டிப் பார்த்தார்கள். ஊசிக்குப் பின் அசைவு குறைந்தது, தோலின் வெப்பம் கூடியது. ஊசி போட்ட நேரம் நிமிடக் கணக்கில் தெரிந்த, ஆள் படுக்கையில் கிடக்கும் ஒரு சூழலில் கிடைத்த முடிவு அது. அசைவு குறைந்து தோல் சற்று வெதுவெதுப்பாவது போர்வைக்குள் உறங்கப் போகும் எவருக்கும் நிகழ்வதே. மேலும் ஓபியாய்டு வந்து ஒட்டிக்கொள்ளும் நரம்பணு ஏற்பிகளில் உங்கள் தம்பிக்கு ஏற்கெனவே புப்ரினார்பின் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், மேலே வரும் வேறு ஓபியாய்டின் விளைவே மங்கலாகத்தான் இருக்கும். மீண்டும் எடுத்தாரா என்று அறிய வேண்டிய தேவை சிகிச்சையில் வரும்போது மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனை செய்வார், அதன் முடிவை அவரோடு உட்கார்ந்து பேசுவார். அந்த வேலையை அக்காவாகிய நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இவ்வளவும் கருவியைப் பற்றியது. பட்டை கழற்றப்பட்டு உங்கள் மேசைக்கு வந்ததற்கு அதன் துல்லியக் குறைவு காரணமில்லை. ஒலி உங்கள் கைபேசிக்கு வந்ததே காரணம். ஒரு மனிதரின் உடல் அவருக்கே தெரியாத ஒன்றை இன்னொருவரிடம் சொல்லிக்கொடுக்கும்படி அமைத்துவிட்டால், அவருக்கு அந்தக் கருவி காவலாகவே படும். கண்காணிக்கப்படுகிறோம் என்ற உணர்வே நாடியை ஏற்றும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மறைக்கும் பழக்கம் திரும்பி வந்தால் அது உயிருக்கே ஆபத்து. ஓபியாய்டால் நேரும் மரணங்களில் பல, கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக எடுத்தவர்களுக்கு நேர்ந்தவை. எனவே அவர் உங்களிடம் உண்மை பேசக்கூடிய நிலை இருப்பது, எந்த உணரியையும்விட அவருக்குப் பாதுகாப்பு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அந்த இரவைப் பற்றி அவரிடம் பேசுவேன். “உன் பையைத் தேடியது தப்பு. எனக்குப் பயமாக இருந்தது” என்று சொன்னால் போதும்; விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம். பிறகு உங்கள் கைபேசியில் உள்ள இணைப்பை அவர் கண்ணெதிரே நீக்கிவிடுங்கள். பட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, இது உன்னுடையது, கட்டுவதும் கட்டாததும் உன் விருப்பம், இதன் பதிவை யாரிடம் காட்ட வேண்டும் என்பதும் உன் விருப்பம் என்று சொல்லுங்கள். நான் மேலே குறிப்பிட்ட விடியற்காலைப் பதிவைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவு தமக்குப் போதுமா என்று தெரிந்துகொள்ள அது உதவும் என்பது தெரிந்தால் அவராகவே கட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படிக் கட்டினால் அசைவால் நாடிக் கணக்கு பிழைபடாமல் இருக்க, அதிகம் பயன்படுத்தாத கையில், மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, தளர்வில்லாமல் கட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரு சிறு குறிப்பேடு வேண்டும். மாத்திரை எடுத்த நேரம், தூங்கிய நேரம், வேட்கை வந்திருந்தால் 10க்கு எவ்வளவு, அப்போது எங்கே யாருடன் இருந்தார் என்று அவர் கையாலேயே நான்கு சொற்கள் எழுதினால் போதும். இந்தக் குறிப்பேடு இல்லாத பட்டைப் பதிவால் மருத்துவருக்குப் பெரிய பயன் இருக்காது. பட்டை இல்லாத குறிப்பேடு கூட நிறையவே சொல்லும்.

அவர் விரும்பினால் ஒலியை அவருடைய மணிக்கட்டிலேயே மெல்லிய அதிர்வாக வைத்துக்கொள்ளலாம். அதிர்வு வந்தால் அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இப்போது எனக்குள் என்ன நடக்கிறது? கோபமா, பசியா, களைப்பா, பழைய நினைவா? வேட்கை பெரும்பாலும் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கிவிடும் ஒன்று. ஏறத் தொடங்கும்போதே அதைக் கவனித்துப் பெயர் சொல்லக் கற்றவர்கள் அது தணியும்வரை காத்திருக்கவும் கற்கிறார்கள். உள்ளுணர்வைக் கவனிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு, தொடக்கத்தில் சில மாதங்கள், பட்டை இதில் நல்ல துணையாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பதிவுகள் நிறுவனத்தின் கணினியிலும் போய்ச் சேர்கின்றன என்பதால், செயலியின் அமைப்புகளில் யாருக்கு எது பகிரப்படுகிறது என்பதை அவர் ஒருமுறை பார்த்துச் சரிசெய்துகொள்வது நல்லது.

விளம்பரங்களைப் பார்த்து வேறு கருவி வாங்க நினைத்தால், இரண்டு வகைகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காதின் பின்புறம் ஒட்டி மெல்லிய மின்தூண்டல் கொடுத்து விலகல் அறிகுறிகளைக் குறைக்கும் ஒரு கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் அனுமதி கொடுத்தது. அது அளக்கும் கருவியன்று, சிகிச்சைக் கருவி, அதுவும் விலகலின் முதல் சில நாட்களுக்கானது. அந்த அனுமதிக்கு அடிப்படையாக இருந்தது 73 நோயாளிகளின் பதிவு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. இரண்டு மாதமாக மருந்தில் நிலைபெற்றிருக்கும் உங்கள் தம்பிக்கு அது தேவைப்படாது.

பட்டையைவிட முக்கியமான இரண்டு செய்திகளைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. முதலாவது, புப்ரினார்பினை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். ‘ஒரு மருந்துக்குப் பதில் இன்னொரு மருந்தா’ என்று உறவினர்கள் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே மெத்தடோனையும் புப்ரினார்பினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, புப்ரினார்பின் சிகிச்சையில் இருப்பவர்களில் ஆண்டுக்கு 1000 பேருக்கு ஏறத்தாழ 4 பேரும், சிகிச்சையை விட்டவர்களில் 9க்கும் மேற்பட்டவர்களும் இறந்ததைக் காட்டியது. உங்கள் தம்பியின் மணிக்கட்டில் பட்டை இல்லாத ஒரு நாள் கவலைக்குரியதன்று. நாக்கின் அடியில் மாத்திரை இல்லாத நாட்கள் தொடர்வதுதான் கவலைக்குரியது. நான்கு ஆண்டுகளில் அவருடைய உடல் பழகியிருந்த தாங்குதிறன் இப்போது குறைந்திருக்கும். புப்ரினார்பினை விட்டுவிட்டு ஒருநாள் பழைய அளவில் வலி மாத்திரை போட்டால் அந்த அளவே மூச்சை நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, பட்டையில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காவலாக நம்ப வேண்டாம். கடையில் வாங்கும் பட்டைகளில் பல அதை இடைவிட்டு இடைவிட்டுத்தான் அளக்கின்றன. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்களே கருமையான தோலில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020இல் வெளியான ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. அளவுக்கு மீறி எடுத்த ஒருவரை அடையாளம் காண வேண்டியது கண்ணாலும் காதாலும்தான்: தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிகவும் மெதுவாக வருகிறது அல்லது நின்று நின்று வருகிறது, குறட்டை போலக் களகளவென்று ஒலிக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. அந்த நிலையில் உடனே அவசர ஊர்தியை அழைத்து, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்து இருந்தால் கொடுத்து, மூச்சு இல்லையென்றால் செயற்கை மூச்சு கொடுக்க வேண்டும். நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம்வரைதான் நிற்கும். அதன் பிறகு மூச்சு மறுபடி மந்தமாகலாம் என்பதால், விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாக வேண்டும். ஓபியாய்டு பயன்படுத்துகிறவர்களின் குடும்பத்தாரிடமும் நலாக்சோன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. அடுத்த சந்திப்பில் உங்கள் தம்பியின் முன்னிலையிலேயே மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். எப்படிப் பயன்படுத்துவது என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்திப்புக்கு அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு வரலாம், கட்டாமலும் வரலாம். விடியற்காலையில் வேர்த்து விழிக்கிறாரா, மாத்திரைக்கு முன் கால்கள் தவிக்கின்றனவா என்பதை மட்டும் தம் வாயால் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்